96 மணி நேர மீன் சோதனை: இரண்டு முறையும் எண் ஏன் வேறாக வந்தது?

நீங்கள் சொன்னதை முதலில் என் சொற்களில் எடுத்து வைக்கிறேன். லேசான மணம் உள்ள, தண்ணீரில் அதிகம் கரையாத ஒரு திரவத்தை அசிட்டோனில் கலந்து, பிளாஸ்டிக் தொட்டிகளில் லிட்டருக்கு 1, 1.8, 3.2, 5.6, 10 மில்லிகிராம் என ஐந்து செறிவுகளில் விட்டிருக்கிறீர்கள். தொட்டிக்கு 7 கப்பி மீன்கள், 96 மணி நேரம். முதல் முறை அதே வரிசையில் 0, 0, 2, 5, 7 மீன்கள் செத்தன. இரண்டாம் முறை 0, 1, 5, 7, 7. சாவு எல்லாம் முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நடந்தது. அதன் பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை. ஒருக்களித்துக் கிடந்த சில மீன்கள் மூன்றாம் நாள் நிமிர்ந்து நீந்தின. முதல் முறை ஏர் பம்பை முழு வேகத்தில் ஓட்டினீர்கள், இரண்டாம் முறை குறைத்துவிட்டீர்கள். மருந்து விடாத கன்ட்ரோல் தொட்டியில் இரண்டு முறையும் எந்த மீனும் சாகவில்லை. கேட்டது இரண்டு: எண் நிலைப்படுவதற்காகத் தொட்டிக்கு 20 மீன் போடலாமா? கிடைக்கிற எல்.சி.50-ஐ, அதாவது பாதி மீன்களைக் கொல்லும் செறிவை, பத்தால் வகுத்து, ‘இதற்குக் கீழே மீனுக்குப் பாதுகாப்பு’ என்று ஆய்வறிக்கையில் எழுதலாமா?

இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் இரு கேள்விகளுமே உண்மையில் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன: அந்த நான்கு நாளும் மீனைச் சுற்றி இருந்த தண்ணீரில் உங்கள் பொருள் எவ்வளவு இருந்தது? நீங்கள் எடைபோட்டு விட்ட அளவு தெரிகிறது. மீன் அனுபவித்த அளவு தெரியவில்லை. நீர்வாழ் உயிர்களின் நச்சியலில் பல காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், செத்த மீனை எண்ணுவது இந்தச் சோதனையின் எளிய பகுதி. தண்ணீரை அறிவதுதான் கடினம், அதில்தான் பெரும்பாலான சோதனைகள் வீணாகின்றன.

முதலில் எண்களைப் பார்ப்போம். லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் தொட்டியில் ஒரு முறை 2, மறுமுறை 5 என்று வந்ததுதான் உங்களை அதிகம் கலங்கவைத்திருக்கிறது. அந்தத் தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டால் கலங்க ஒன்றுமில்லை. அந்தச் செறிவில் ஒரு மீன் சாவதற்கான வாய்ப்பு சரிபாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 மீன்களில் 2 முதல் 5 வரை எந்த எண்ணிக்கையும் வருவதற்கான வாய்ப்பு 87.5 சதவீதம். அதாவது 2-ம் 5-ம் ஒரே உண்மையின் இரண்டு முகங்களாக இருக்க முடியும். ஆனால் மூன்று தொட்டிகளைச் சேர்த்துப் பார்த்தால் கதை மாறுகிறது. 1.8-இல் 0 என்பது 1 ஆயிற்று, 3.2-இல் 2 என்பது 5 ஆயிற்று, 5.6-இல் 5 என்பது 7 ஆயிற்று. மூன்றும் ஒரே பக்கமாக நகர்ந்திருக்கின்றன. தொட்டிக்குத் தொட்டி சாவு ஏறும் அளவை வைத்து நடுப்புள்ளியைக் காணும் ஸ்பியர்மன்-கார்பர் முறையில் கணக்கிட்டேன்: முதல் முறைக்கு எல்.சி.50 ஏறத்தாழ 4.2, அதன் 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பு, 3.2 முதல் 5.7 வரை. இரண்டாம் முறைக்கு 2.6, எல்லை 2.0 முதல் 3.4 வரை. எல்லைகள் ஓரத்தில்தான் தொட்டுக்கொள்கின்றன. இது வெறும் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவே உண்மையிலேயே ஏதோ மாறியிருக்க வேண்டும், நீங்கள் சொன்னவற்றில் மாறியது ஏர் பம்ப் ஒன்றுதான்.

மணம் வருகிற பொருள் என்றாலே அது காற்றுக்குத் தப்பிக்கிற பொருள். காற்றைக் குமிழிகளாக்கும் ஏர் ஸ்டோனிலிருந்து எழும் ஒவ்வொரு குமிழியும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போகும். முதல் முறை பம்ப் வேகமாக ஓடியதால் பொருள் சீக்கிரம் போயிருக்கும், மீன் குறைவாகச் செத்தது. இரண்டாம் முறை மெதுவாகப் போனது, மீன் அதிகமாகச் செத்தது. இந்த விளக்கம் உங்கள் எண்களுக்கு அழகாகப் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதாலேயே உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பம்பைக் குறைத்தால் ஆக்சிஜனும் குறையும். மூச்சுக்குத் திணறுகிற மீன் செவுள் வழியாக அதிகத் தண்ணீரைச் செலுத்தும். அதோடு நச்சும் அதிகமாக உள்ளே போகும். இந்த இரண்டில் எது என்று பிரித்தறிய, தொட்டிகளின் கரைந்த ஆக்சிஜன் அளவீடுகள் வேண்டும். உங்கள் கேள்வியில் அவை இல்லை. குறித்து வைத்திருந்தால் முதலில் அவற்றை எடுத்துப் பாருங்கள்.

பொருள் தொட்டியை விட்டுப் போயிருக்கிறது என்று என்னைச் சந்தேகிக்க வைப்பது பம்ப் மட்டும் அல்ல. சாய்ந்து கிடந்த மீன்கள் மூன்றாம் நாள் எழுந்ததுதான் இன்னும் வலுவான தடயம். எளிமையான கரிமத் திரவங்கள் பல, மீனை மயக்கநிலைக்குத் தள்ளிக் கொல்கின்றன. உயிரணுச் சவ்வுகளின் கொழுப்பில் அவை சேர்ந்து, போதிய அளவு சேர்ந்ததும் இயக்கத்தை அடக்கிவிடுகின்றன. இந்த வகை நச்சுக்கு ஓர் இயல்பு உண்டு: மீனை நல்ல தண்ணீருக்கு மாற்றினால், உள்ளே போனது செவுள் வழியாகவே வெளியேறி, மீன் தெளிந்துவிடும். உங்கள் மீன்களை யாரும் நல்ல தண்ணீருக்கு மாற்றவில்லை. தண்ணீரே நல்ல தண்ணீராக மாறியிருந்தால் தவிர அவை தெளிந்ததற்கு எளிய விளக்கம் இல்லை. மீனின் கல்லீரல் நொதிகள் பொருளைச் சிதைத்துச் சமாளித்திருக்கலாம் என்ற வாய்ப்பும் உண்டுதான். அதை நான் இரண்டாம் இடத்தில் வைப்பேன்.

இதைத் தீர்த்துவைக்க மீன் வேண்டியதில்லை. அதே தொட்டி, அதே தண்ணீர், அதே வெப்பநிலை, அதே பம்ப், மீன் மட்டும் இல்லாமல் பொருளை விடுங்கள். விட்டவுடன் ஒரு மாதிரி, பிறகு 6, 24, 48 மணி நேரத்தில் மாதிரிகள் எடுத்து அளந்து பாருங்கள். இப்படிப்பட்ட ஆவியாகும் பொருளை அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவி உங்கள் துறையில் இல்லையென்றால் வேதியியல் துறையில் கேளுங்கள். மாதிரிப் புட்டியில் காற்று இடைவெளி இல்லாமல் தளும்ப நிரப்பி மூட வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியில் நடக்கிற அதே இழப்பு புட்டியிலும் நடக்கும். இதே சோதனையைக் கண்ணாடித் தொட்டியில் மூடிபோட்டும் ஒருமுறை செய்யுங்கள். நீரில் குறைவாகக் கரைகிற பொருள்கள் பிளாஸ்டிக்கில் ஊறிப்போகும், சிலிக்கோன் குழாயில் இன்னும் மோசமாக ஊறும். தொட்டிச் சுவர், காற்று, நுண்ணுயிர்கள், ஒளி இவற்றில் யார் உங்கள் பொருளைத் தின்கிறார்கள் என்பது இந்த ஒரு சோதனையில் பெருமளவு விளங்கிவிடும்.

அளந்தபின் என்ன செய்வது? பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) 203-ஆம் வழிகாட்டி, அதாவது உலகம் முழுவதும் இந்தச் சோதனைக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் ஆவணம், இதில் தெளிவாக இருக்கிறது. 1981-இல் முதலில் வந்து, 1992-இலும் 2019-இலும் திருத்தப்பட்ட அந்த வழிகாட்டியின்படி, சோதனை முழுவதும் செறிவு தொடக்க அளவில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் நிற்பது நல்லது. 20 சதவீதத்துக்கு மேல் விலகினால், எடைபோட்ட அளவை வைத்து அல்ல, அளந்து கண்ட அளவை வைத்தே முடிவைச் சொல்ல வேண்டும். 24 மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றும் முறையில், புதுத் தண்ணீரின் செறிவையும் மாற்றப்போகும் பழைய தண்ணீரின் செறிவையும் அளந்து அவற்றின் பெருக்குச் சராசரியை எடுப்பது வழக்கம். தொடக்கத்தில் 10, முடிவில் 2.5 என்றால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க 5 வரும். அந்தத் தொட்டியின் உண்மையான பெயர் ‘10’ அல்ல, ‘5’. செறிவு இதைவிட வேகமாகச் சரிந்தால் தண்ணீர் மாற்றுவதும் போதாது. புதுக் கரைசல் இடைவிடாமல் வந்து பழையது வழிந்தோடும் ஓடுநீர் அமைப்புதான் கைகொடுக்கும். அதற்குச் செலவும் இடமும் அதிகம், கழிவுநீரும் நிறைய வரும். ஆவியாகும் பொருளுக்கு, மீனின் ஆக்சிஜன் தேவைக்கு ஏற்றபடி பெரிய கொள்கலன் எடுத்து, நன்றாக மூடி, நாள்தோறும் தண்ணீரை மாற்றுவது பல சமயம் நடுவழியாக அமையும்.

இப்போது 20 மீன் விஷயத்துக்கு வருகிறேன். வழிகாட்டி கேட்பது செறிவுக்குக் குறைந்தது 7 மீன்தான், அதை நீங்கள் செய்திருக்கிறீர்கள். 20 ஆக்கினால் உங்கள் முதல் ஓட்டத்தின் நம்பக எல்லை 3.2–5.7 என்பதிலிருந்து ஏறத்தாழ 3.6–5.0 என்று சுருங்கும். அவ்வளவுதான். அதற்கு ஒரு கன்ட்ரோலையும் சேர்த்து 78 மீன்கள் கூடுதலாக வேண்டும். இந்தச் சுருக்கத்தால் என்ன பயன் என்று யோசியுங்கள். உலக அளவில் ஒத்திசைந்த வேதிப்பொருள் வகைப்பாட்டு முறையில், மீனுக்கான 96 மணி எல்.சி.50 லிட்டருக்கு 1 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழே என்றால் உடனடி நச்சில் முதல் வகை; 1-க்கு மேல் 10 வரை இரண்டாம் வகை; 10-க்கு மேல் 100 வரை மூன்றாம் வகை. உங்கள் 4.2-ம் 2.6-ம் இரண்டுமே இரண்டாம் வகைதான். நீங்கள் கவலைப்படுகிற வேறுபாடு பொருளின் இடத்தை மாற்றவில்லை. ஆனால் தண்ணீரில் சராசரியாக இருந்தது நீங்கள் விட்டதில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று அளவீடு காட்டினால், 4.2 என்பது 0.84 ஆகிவிடும். பொருள் முதல் வகைக்குப் போய்விடும். மீன்களைப் பெருக்குவதால் இந்தப் பிழை ஓர் இம்மியும் குறையாது. தவறான எண்ணை இன்னும் உறுதியாகச் சொல்கிற நிலைக்குத்தான் அது கொண்டுபோகும்.

அசிட்டோன் பற்றி ஒரு சொல். நீங்கள் முன்பே அடர்த்தியாகக் கலந்து வைத்த ஒரே ஸ்டாக் கரைசலிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் வேறுவேறு அளவு எடுத்து விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 10 மில்லிகிராம் தொட்டியில் அசிட்டோன், 1 மில்லிகிராம் தொட்டியைவிடப் பத்து மடங்கு. நச்சு ஏறும்போது கரைப்பானும் கூடவே ஏறுகிறது. எது கொன்றது என்று பிரிக்க முடியாது. செறிவுக்கு ஒரு ஸ்டாக் வீதம் தயாரித்து, எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு அசிட்டோன் போகும்படி செய்யுங்கள், லிட்டருக்கு 0.1 மில்லிலிட்டரைத் தாண்ட வேண்டாம். வெறும் தண்ணீர் கன்ட்ரோலோடு, அதே அளவு அசிட்டோன் மட்டும் விட்ட இன்னொரு கன்ட்ரோலும் கட்டாயம். இந்த அளவு அசிட்டோன் மீனைக் கொல்லாது. ஆனால் நுண்ணுயிர்களுக்கு அது நல்ல உணவு. அவை பெருகி ஆக்சிஜனைக் குடித்துவிடும், தொட்டிச் சுவரில் வழவழப்பு படியும். முடிந்தால் கரைப்பானே இல்லாமல், பொருளை நேரடியாகத் தண்ணீரில் நீண்ட நேரம் கலக்கிக் கரைத்துப் பாருங்கள். ஆவியாகிற பொருள் என்பதால் அதையும் மூடிய பாத்திரத்தில்தான் செய்ய வேண்டும். அதிகச் செறிவுத் தொட்டிகளில் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலமோ பால்போன்ற கலங்கலோ தெரிந்ததா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். தெரிந்தால் அங்கே கரைதிறன் எல்லை தாண்டிவிட்டது. அந்தத் துளிகள் செவுளில் ஒட்டி மூச்சை அடைத்துக் கொல்ல முடியும். அப்படி வருகிற சாவைக் கரைந்த பொருளின் நச்சு என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.

தண்ணீரின் மற்ற குணங்களை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. அமோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மீனைக் கொல்வது முக்கியமாக அயனியாகாத, அதாவது மின்னூட்டம் பெறாத, அமோனியா. 25 டிகிரி செல்சியஸில் மொத்த அமோனியாவில் அதன் பங்கு பி.எச். 7-இல் அரை சதவீதத்துக்குச் சற்று மேல், பி.எச். 8-இல் 5 சதவீதத்துக்குச் சற்று மேல், பி.எச். 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒரே தொட்டியில் காலைக்கும் மாலைக்கும் பி.எச். 7-இலிருந்து 8-க்கு நகர்ந்தால், மீன் சந்திக்கிற நச்சு கிட்டத்தட்ட பத்து மடங்கு மாறுகிறது, நீங்கள் ஒரு துளிகூடக் கூடுதலாக விடாமலே. தாமிரம் இன்னொரு உதாரணம். மென்னீரில் கொல்கிற தாமிர அளவு, கடினநீரில் மீனை ஒன்றும் செய்யாமல் விடும், ஏனென்றால் கால்சியம் அயனிகள் செவுளில் தாமிரம் போய் ஒட்டுகிற இடங்களுக்குப் போட்டிபோடுகின்றன. கரைந்த கரிமப்பொருளும் தாமிரத்தைக் கட்டிப்போடும். ஆகவே தாமிரத்தின் எல்.சி.50 என்று ஒற்றை எண் சொல்வதற்கே பொருள் இல்லை; தண்ணீரின் கடினத்தன்மை, பி.எச். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் பொருள் அயனியாகாத கரிமத் திரவமாக இருந்தால் இந்தத் தொல்லைகள் குறைவு. அமிலமோ காரமோ என்றால் அமோனியாவின் கதைதான்.

மீன்களைப் பொறுத்தவரை உங்கள் வேலை ஒழுங்காகவே தெரிகிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சோதனைக்கு முன் மீன்களை வைத்துப் பழக்கும் நாட்களில், முதல் 48 மணி நேரம் கழித்து, அடுத்த ஒரு வாரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்தக் கூட்டம் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும். 5-க்கும் 10-க்கும் நடுவே என்றால் இன்னொரு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். சோதனைக்கு 24 மணி முன்பிருந்து உணவு கிடையாது, சோதனையின்போதும் கிடையாது. கப்பிக்கு 21 முதல் 25 டிகிரி. 1992 பதிப்பின் கணக்கில், தண்ணீர் ஓடாத தொட்டியில் லிட்டருக்கு 1 கிராம் மீனுக்கு மேல் கூடாது. மீன் ஒன்று 0.4 கிராம் என்றால் 7 மீனுக்கு 2.8 கிராம், ஆகக் குறைந்தது 3 லிட்டர் வேண்டும்; மூடிய தொட்டி என்றால் நான் இன்னும் தாராளமாக எடுப்பேன். ஆக்சிஜன் செறிவூட்ட நிலையின் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. கன்ட்ரோலில் சாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 10 மீனுக்குக் குறைவாக வைத்திருந்தால் ஒரு மீன்வரை பொறுக்கலாம். ஆண் கப்பியும் சினையுற்ற பெண் கப்பியும் ஒரே தொட்டியில் கலந்திருந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உடல் அளவு வேறுபட்டால் பொருளை உள்வாங்கும் வேகமும் வேறுபடும், அதுவும் உங்கள் இரண்டு ஓட்டங்களைப் பிரித்திருக்கக் கூடும்.

கணக்கிடும் முறையில் பலர் தேவைக்கு மேல் தவிக்கிறார்கள். பாதி உயிர்களைக் கொல்லும் அளவு என்ற கருத்தை 1927-இல் டிரெவன் என்ற ஆய்வாளர் மருந்துகளின் வீரியத்தை ஒப்பிடுவதற்காக முன்வைத்தார். நடுப்புள்ளியை எடுத்ததற்குக் காரணம் உண்டு: முதலில் சாகிற ஒன்றும் கடைசியில் சாகிற ஒன்றும் தனிப்பட்ட வலு, பலவீனத்தைப் பொறுத்தவை, நடுவில் உள்ளது கூட்டத்தின் இயல்பைச் சொல்லும். 1934-இல் பிளிஸ் அறிமுகம் செய்த புரோபிட் முறை, சாவு விகிதத்தைச் செறிவின் மடக்கைக்கு எதிராக ஒரு நேர்கோடாக்கித் தருகிறது. அதற்கு 0-க்கும் 100-க்கும் இடைப்பட்ட சாவு குறைந்தது இரண்டு தொட்டிகளிலாவது வேண்டும். உங்கள் இரண்டு ஓட்டங்களிலும் அது இருக்கிறது. இல்லாவிட்டால் ஸ்பியர்மன்-கார்பர். அதுவும் இல்லாமல், 3.2-இல் ஒன்றும் சாகவில்லை, 5.6-இல் எல்லாம் செத்துவிட்டன என்று வந்தால், இரண்டின் பெருக்குச் சராசரி 4.2 என்று எழுதி, உண்மை 3.2-க்கும் 5.6-க்கும் நடுவே என்று சொல்லிவிடலாம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இப்படி வந்த 4.2-ம், உங்கள் முதல் ஓட்டத்தின் 4.2-ம் எண்ணளவில் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் சாவு மலைச்சரிவு போல மெல்ல ஏறுகிறது, மற்றதில் செங்குத்தாக ஏறுகிறது. செங்குத்தாக ஏறும் பொருளில் சிறு கசிவு கூடினாலே மொத்த மீனும் போய்விடும். எல்.சி.50-ஐ மட்டும் எழுதி, அந்தச் சாய்வை எழுதாமல் விட்டால் பாதிச் செய்தி காணாமல் போகிறது.

இனி ‘பத்தால் வகுத்தால் பாதுகாப்பு’ என்ற விஷயம். இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஐரோப்பிய வேதிப்பொருள் மதிப்பீட்டில் உண்மையிலேயே 10 என்ற காரணி இருக்கிறது. ஆனால் அது, பாசி, நீர்த்தெள்ளு போன்ற முதுகெலும்பில்லா உயிர், மீன் என உணவுச்சங்கிலியின் மூன்று படிகளிலும் நீண்டகாலச் சோதனை செய்து, தீங்கு தெரியாத அளவுகளைக் கண்டுபிடித்தபின், அவற்றில் மிகக் குறைந்ததை வகுக்கப் பயன்படுவது. குறுகியகாலச் சோதனைகள் மட்டுமே கையில் இருந்தால், அதுவும் இந்த மூன்று படிகளுக்கும் ஒவ்வொன்று இருந்தால், அவற்றில் மிகக் குறைந்த எண்ணை 1000-ஆல் வகுக்கிறார்கள். உங்களிடம் இருப்பது மூன்றில் ஒன்றுதான். 1000-ஆல் வகுக்கும் தகுதிகூட அதற்கு இன்னும் வரவில்லை. நீர்த்தெள்ளும் பாசியும் மீனைவிட எளிதில் பாதிக்கப்படும் பொருள்கள் நிறைய.

நான்கு நாள் சாவு, நான்கு நாள் சாவைப் பற்றி மட்டுமே பேசும். கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு முழு ஏரியில் நடந்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல்எஸ்ட்ராடயால் என்ற செயற்கை ஹார்மோனை, லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் இருக்கும்படி 2001 முதல் மூன்று கோடைகாலங்கள் அந்த ஏரியில் விட்டார்கள். 96 மணி நேரச் சோதனையில் மீன் எதையும் கொல்லாத அளவு அது. ஏரியில் இருந்த ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனின் ஆண்களுக்கு இனப்பெருக்கம் சீர்குலைந்து, அந்த இனம் அங்கே அழிவின் விளிம்புக்கே போனது. ஒரு மீனும் துடித்துச் சாகவில்லை. அடுத்த தலைமுறை வரவில்லை. அந்த முடிவுகள் 2007-இல் வெளிவந்தன. எல்.சி.50-ஐ வைத்துப் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை எழுத நினைக்கும் எவரும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மீன் இனமும் முடிவை அடியோடு மாற்றும். வாகன டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு காப்புப்பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் 6பிபிடி-குயினோன், மழைக்குப்பின் ஓடைகளுக்குத் திரும்பும் கோஹோ சால்மன்களைக் கொல்வதை 2020-இன் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். முதலில் எல்.சி.50 லிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம் என்றார்கள். ஒப்பிட்டு அளப்பதற்கான தூய்மையான தரப்பொருள் கிடைத்தபின் மறுபடி அளந்து 2022-இல் 95 நானோகிராம் என்று திருத்தினார்கள். மீன் அதேதான், அளவீடு திருந்தியபோது எண் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியது. அதைவிட வியப்பு, நெருங்கிய உறவான சம் சால்மன் அந்த நச்சைத் தாங்கிக்கொள்கிறது. ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் ஸீப்ராஃபிஷும் மெடாக்காவும்கூடத் தாங்குகின்றன. அவற்றை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இந்தப் பொருளுக்கு நற்சான்று கிடைத்திருக்கும். உங்கள் கப்பி சொல்வது கப்பியைப் பற்றி. மயக்கநிலை நச்சு என்றால் பெரும்பாலான மீன்களும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கப்படும் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துப் பேசலாம். குறிப்பிட்ட நொதியையோ நரம்பையோ தாக்கும் பொருள் என்றால் அப்படிப் பேச முடியாது.

மூன்றாவது ஓட்டத்துக்கு முன் ஒரு வேண்டுகோள். நீர்த்தெள்ளுக்கான 48 மணிச் சோதனையையும் பாசிக்கான 72 மணிச் சோதனையையும் முதலில் முடியுங்கள். அவற்றில் கிடைக்கும் எண்களில் குறைந்ததை மட்டும் எடுத்து, அந்த ஒரு செறிவில் மீனைச் சோதிக்கும் படிநிலை முறையை 2010-லிருந்தே ஓ.இ.சி.டி. பரிந்துரைக்கிறது. அங்கே மீன் சாகவில்லை என்றால், மீன் அவற்றைவிடத் தாங்கக்கூடியது என்று தெரிந்துவிடும், ஐந்து செறிவுகளில் மீனைக் கொல்ல வேண்டியதில்லை. ஸீப்ராஃபிஷ் முட்டைக்கருவில் செய்யும் 96 மணிச் சோதனைக்கு 2013-லிருந்து 236 என்ற தனி வழிகாட்டி இருக்கிறது: கரு உறைவது, உடற்கண்டங்கள் உருவாகாதது, வால் மஞ்சட்கருவிலிருந்து பிரியாதது, இதயத்துடிப்பு இல்லாதது என்ற நான்கு அறிகுறிகளைப் பார்க்கிறார்கள். ரெயின்போ டிரவுட் மீனின் செவுள் உயிரணுக்களில் 24 மணியில் செய்யும் சோதனைக்கு 2021-இல் 249 என்ற வழிகாட்டி வந்தது. கருவை வைத்துச் செய்வது எல்லாப் பொருளுக்கும் மீனுக்கு ஈடாகாது. நரம்பைத் தாக்கும் சில பொருள்களைக் கரு குறைத்துக் காட்டும். உயிரணுச் சோதனைக்கும் அதே குறை உண்டு. உங்கள் பொருள் போன்ற எளிய கரிமத் திரவத்துக்கு இரண்டும் நன்றாக ஒத்துப்போகின்றன என்பது என் அனுபவம். சிறு கொள்கலன்களில் செய்வதால் ஆவியாதலை இன்னும் கவனமாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

மீனையே வைத்துச் செய்வதாக முடிவானால், விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு செய்யுங்கள். சாவை மட்டும் எண்ணாமல், சமநிலை இழப்பு, மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சு வாங்குவது, நிறம் கருப்பது, நீந்தும் முறை மாறுவது எல்லாவற்றையும் நேரத்தோடு குறியுங்கள். 2019 பதிப்பு இதை வலியுறுத்துகிறது. மீளாது என்று உறுதியான மீனைத் துடிக்கவிடாமல் வலியின்றி முடித்துவிட்டு, அதையும் சாவோடு சேர்த்துக் கணக்கிடலாம். உங்கள் சோதனையில் சாய்ந்தவை பிறகு எழுந்தன என்பதால், ‘மீளாது’ என்று முடிவுகட்டும் அளவுகோலைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கையில் இருக்கும் இரண்டு ஓட்டங்களை அறிக்கையில் எப்படிப் போடுவது என்றால், மறைக்காமல் இரண்டையும் போடுங்கள். ‘எடைபோட்ட செறிவின் அடிப்படையில் 96 மணி எல்.சி.50 லிட்டருக்கு 4.2 மற்றும் 2.6 மில்லிகிராம், செறிவு அளக்கப்படவில்லை, சாவு அனைத்தும் முதல் 24 மணியில், காற்றூட்டம் இரண்டிலும் வேறு, கரைப்பான் அளவு தொட்டிக்குத் தொட்டி வேறு, கரைப்பான் கன்ட்ரோல் இல்லை’ என்று எழுதி, இவை அளவெல்லை தேடும் முன்னோட்டச் சோதனைகள் என்று பெயரிடுங்கள். உண்மையில் அவை நல்ல முன்னோட்டங்கள்தான். எந்த வரம்பில் தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டன. மீன் இல்லாத தொட்டியின் அளவீடுகள் வந்ததும், பொருளின் பெயர், ஆக்சிஜன், பி.எச். குறிப்புகளோடு இங்கேயே எழுதுங்கள். தண்ணீரை மாற்றினால் போதுமா, ஓடுநீர் அமைப்பு வேண்டுமா என்பதை அந்த எண்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.